அமுக்கு, பிடி, விடு

வாசற்கதவருகே சென்ற வாரக் கதையில் நாம் விட்டுவந்த பெட்டி இன்னும் அங்கேயே நின்றது. பூட்டிய பெட்டி, ஒன்றே ஒன்று. ஆயுளில் பாதிக்குமேல் வாழ்ந்த வீட்டிலிருந்து ஒருத்தி எடுத்துப் போக இவ்வளவுதானா உண்டு என்று கண்டவர் வியப்பர். அம்மா அந்த வியப்புக்கு இடம் கொடுக்கவில்லை. கேட்டவர்க்கெல்லாம் ஒரே விடைதான் தந்தாள்.

"வரேன்னு சொல்லிட்டேன், வருவேன். ஆனா அப்பா வண்டியிலதான் வருவேன். அது ஓடலைன்னா என்னைக் கூப்பிடாதே."

அவளை அழைத்துப்போக வந்திருந்த மகன், இளையவன், அதற்கு உடன்பட்டிருந்தான். பேருந்து நிறுவனம் ஒன்றில் கால அட்டவணை வகுப்பது அவன் தொழில். எந்த வண்டி எந்தப் பொழுதில் எங்கே நிற்க வேண்டும் என்பது அவனுக்கு விரல் நுனிப் பாடம். மாலைத் தேநீர் முடித்துக் கிளம்பினால் விளக்கு வைக்கும் வேளையில் தன் ஊர் சேரலாம் என்று கணித்திருந்தான். அங்கே அவன் மனைவி அம்மாவுக்கென ஓர் அறையை ஒழித்து, வண்ணம் பூசி, சன்னலுக்குத் திரையும் தைத்து மாட்டியிருந்தாள். எல்லாம் அதனதன் இடத்தில் நின்றன.

அப்பாவின் வண்டியும் நின்றது. நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

மழைக்காலத் தொடக்கத்தில் அம்மா பின்வாசற்படியில் வழுக்கி விழுந்ததையும், வலது முழங்கால் வீங்கி நெடுநேரம் ஈரத்தில் கிடந்ததையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று தொடங்கியதுதான் அக்காளுக்கும் தம்பிக்கும் இடையே வந்த மௌனம். அம்மாவைத் தன்னோடு அழைத்துப் போவேன் என்றான் தம்பி. ஆளுக்கொரு வாரம் வந்து இங்கேயே பார்த்துக்கொள்வோம் என்றாள் மூத்தவள். அவள் "அம்மா என்ன மூட்டையா, உன் இஷ்டத்துக்கு ஏத்தி இறக்க?" என்று கேட்க, அவன் திருப்பிக் கேட்டான்: "அவங்க விழுந்து கிடந்தப்ப நீ எங்க இருந்தே?"

அந்தக் கேள்விக்கு அவள் விடை சொல்லவில்லை. அதன்பிறகு எந்தக் கேள்விக்கும் சொல்லவில்லை.

அப்படிப்பட்டவள்தான் இன்று முற்பகலில் பக்கவாட்டுச் சந்து வழியாக வந்து பின்வாசலில் நின்றாள். வந்தவளைக் கண்டதும் அம்மாவின் முகத்தில் மலர்ச்சிக்கு முன்பாக ஒரு திடுக்கீடு ஓடியது.

"உன்ன யாரு வரச் சொன்னா?"

"ஏன், வரக்கூடாதா? உன் மருமகதான் போன் பண்ணினா. 'அண்ணி, வண்டி அடம் பிடிக்குதாம், உங்களுக்குத்தான் அது பேச்சு கேக்கும்'னா." அவள் ஈரச் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைத் துடைக்க இடம் தேடினாள். "இங்க இருந்த நார் மேட் எங்கம்மா?"

"துவைச்சுப் போட்டிருக்கேன்."

"வானம் இப்படி மூடிக் கிடக்கு. எங்க காயும்?"

"காயறப்ப காயும். உள்ள வா."

மூத்தவள் மருத்துவமனையில் அறுவைக்கூடச் செவிலி. ஓர் அறைக்குள் நுழைந்ததுமே எது இடம் மாறியிருக்கிறது என்று காணும் கண் அவளுக்குத் தொழிலோடு வந்தது. ஆயினும் பிறந்த வீட்டில் அந்தக் கண்ணை மூடிவைத்துவிடுவது அவள் வழக்கம். அன்றும் மூடிக்கொண்டாள்.

●

வண்டிக் கொட்டகைக் கதவை மூத்தவள் திறந்தபோது அந்த மணம் முதலில் வந்து வரவேற்றது. வெயிலில் வெந்து வெந்து பழகிய ரெக்சின், பழம்பெட்ரோல், அவற்றுக்கு அடியில் ஏதோ ஒரு மூலையில் இன்னும் கரையாதிருக்கும் பெப்பர்மின்ட். அப்பாவின் சட்டைப்பையில், அவர் இருந்தவரை, எந்நாளும் கிடந்த பெப்பர்மின்ட்.

அவர் மின்கம்பம் ஏறும் தொழிலாளி. இந்த வண்டியில் குடும்பமாகப் போகும்போதெல்லாம் சாலையோரக் கம்பங்களை ஒவ்வொன்றாகக் காட்டுவார். "இது நான் ஏறினது. அதோ அதுவும். அது இல்ல, அது வேற ஆளு, பாரு கம்பி தொங்குது." பின்னிருக்கையில் அக்காளும் தம்பியும் சன்னலுக்கு ஒருவராய் அமர்ந்து அப்பா ஏறிய கம்பங்களுக்கு வணக்கம் வைப்பார்கள். உலகத்து விளக்குகளையெல்லாம் அப்பாதான் ஏற்றிவைத்தார் என்று இளையவன் நெடுங்காலம் நம்பியிருந்தான்.

வண்டிக்கு அவர் இட்ட பெயர் மகராசி. பிள்ளைகளுக்கும் பெயர் இட்டிருந்தார். நிதானமாய், பாரம் இழுப்பவளாய் இருந்த மகள் முதல் கியர். எப்போதும் பறக்கும் மகன் நாலாம் கியர்.

நாலாம் கியர் இப்போது ஓட்டுநர் இருக்கையில் வியர்த்து அமர்ந்திருந்தான். நேற்றே பேட்டரிக்கு உயிரூட்டியிருந்தான், எஞ்சின் கிளம்பிவிட்டது. கியர் மட்டும் விழவில்லை. கிளட்ச் பெடலை அமுக்கிக் கம்பியைத் தள்ளினால், பல்லைக் கடிப்பதுபோல் 'கர்ர்ர்' என்ற ஓசை.

அம்மாவோடு அக்காளின் நிழலும் கொட்டகையில் விழுந்ததைக் கண்டும் அவன் திரும்பவில்லை.

"அம்மா," என்றான் முன்னே பார்த்தபடி, "மெக்கானிக்குக்கு போன்ல சொன்னேன். கிளட்ச் பிளேட் தேஞ்சு போயிருக்கும்னு சொல்றாரு. கட்டி இழுத்துக் கொண்டுபோய்ப் பிரிச்சுத்தான் பார்க்கணுமாம். இதை யாருக்குத் தெரியணுமோ அவங்ககிட்ட சொல்லு."

"அம்மா," என்றாள் அவளும் சுவரைப் பார்த்தபடி, "பிளேட் தேஞ்சா எஞ்சின் கத்தும், வண்டி போகாது. இங்க கியரே விழல. பிடிக்காதது ஒரு நோய், விடாதது வேற நோய். இதை அவன்கிட்ட சொல்லு."

"நான் என்ன தபால் ஆபீஸா?" என்றாள் அம்மா. "ரெண்டு பேருக்கும் வாய் இருக்கு. நான் போய் அடுப்பைப் பார்க்கிறேன்."

"இரும்மா," என்றாள் மகள். "எஞ்சினை அணைச்சுட்டு, முதல் கியர்ல போட்டு, பெடலை முழுசா அமுக்கச் சொல்லு. நான் பின்னாலேருந்து தள்றேன். கிளட்ச் விட்டுச்சுன்னா வண்டி உருளணும்."

அவன் அமுக்கினான். அவள் தோள் கொடுத்துத் தள்ளினாள். மகராசி மலைபோல் நின்றாள்.

"பார்த்தியா? அமுக்கியும் விடல," என்றாள் மூத்தவள். முன்மூடியைத் தூக்கிக் கிளட்ச் எண்ணெய்க் குப்பியை விரலால் தட்டிப் பார்த்தாள். அடியில் கொஞ்சம், அதுவும் கறுத்து, பழைய கஷாயம்போல் கிடந்தது. "எண்ணெய் இறங்கிக் காத்து ஏறியிருக்கு. காத்தை எடுக்கணும்."

அவ்வளவு சொல்லி நிறுத்தினாள். கொட்டகையில் மூவருக்கும் அடுத்த வார்த்தை தெரியும். காற்றை எடுப்பது ஒருவரால் ஆகிற காரியம் அன்று. ஒருவர் மேலே அமர்ந்து பெடலை அமுக்க வேண்டும். ஒருவர் கீழே கிடந்து கியர்ப்பெட்டியோரம் இருக்கும் சிறு மூக்கைத் திறந்து மூட வேண்டும்.

"அம்மா, நீ உக்காரேன்," என்றாள் மகள். "எப்பவும் நீதானே அமுக்குவே."

"இந்த முட்டியோட நான் எங்க பெடல் அமுக்கறது?" அம்மா சட்டென்று வலது முழங்காலைத் தடவிக்கொண்டாள். "வலி உயிர் போகுது. அவனை அமுக்கச் சொல்லு."

சொல்லிவிட்டு நடந்தாள். உயிர் போகும் வலிக்கு அந்த நடை சற்று விரைவாகவே இருந்தது.

●

வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, இரும்புத் தாங்கிகளின் மேல் இறக்கினாள் மூத்தவள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதே என்பது அப்பாவின் சட்டம். பிறகு மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தாள். நின்றும் குனிந்தும் கிடந்தும் செய்யும் வழிபாடுபோல்தான் இந்த வேலையும். கிடந்து செய்யும் பகுதி இப்போது.

நிப்பிள் எனும் அந்தச் சிறு மூக்கில் ஒரு ரப்பர்க் குழாயை மாட்டி, மறுமுனையை எண்ணெய் ஊற்றிய கண்ணாடிப் புட்டிக்குள் விட்டாள். ஸ்பேனரைக் கையில் எடுத்தாள்.

இனி வாய் திறந்தாக வேண்டும்.

கம்பத்தின் உச்சியில் ஒருவரும் தரையில் ஒருவருமாய் உழைத்தவர் அப்பா. மேலிருப்பவர் ஒன்று சொன்னால் கீழிருப்பவர் கேட்டதாகப் பதில் சொல்ல வேண்டும். பதில் வராமல் கை அசையக்கூடாது. உயிர் தொங்கும் தொழிலின் அந்த முறையை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தார். ஞாயிறு காலைகளில் வண்டிக்கு அடியிலிருந்து அவர் குரல் எழும்.

"அமுக்கு!"

"அமுக்கியாச்சு!" என்று இருக்கையிலிருந்து அம்மா.

"பிடி!"

"பிடிச்சாச்சு!"

"விடு!"

"விட்டாச்சு!"

மகள் கீழே அப்பாவுக்கு விளக்குப் பிடிப்பாள். மகன் முன்மூடியோரம் முக்காலியில் ஏறி எண்ணெய் ஊற்றுவான். அந்த மூன்று சொற்களும் வீடெங்கும் பரவியிருந்தன. குழந்தைக்கு மருந்து புகட்டவும், பீரோவை நகர்த்தவும், போர்வையை இருபுறம் நின்று பிழியவும் அவையே மந்திரம். ஒருநாள் அம்மா கோபித்துக்கொண்டு பேசாதிருந்தபோது அப்பா அவள் கையைப் பற்றி, மெல்ல, "விடு" என்றார். நெடுநேரம் கழித்து அம்மா, "விட்டாச்சு" என்றாள். குழந்தைகள் எதற்கென்று தெரியாமல் கைதட்டினார்கள்.

மூத்தவள் தொண்டையைச் செருமினாள்.

"அமுக்கு."

ஒரு மழைக்காலம் முழுதும் கழித்து வந்த முதற்சொல் அது.

"…அமுக்கியாச்சு," என்றான் தம்பி.

அவள் நிப்பிளைத் தளர்த்தினாள். புட்டிக்குள் குமிழிகள் கலகலவென்று எழுந்தன. கறுத்த எண்ணெய் நூலாய் வழிந்தது.

"பிடி."

"பிடிச்சாச்சு."

இறுக்கினாள். "விடு."

"விட்டாச்சு."

மீண்டும். மீண்டும். ஒவ்வொரு முறையும் குமிழி குறைந்தது. குரலில் இருந்த கரகரப்பும் குறைந்தது. நடுநடுவே அவன் இறங்கிப் போய்க் குப்பியில் புது எண்ணெய் ஊற்றினான். முக்காலி இப்போது வேண்டியிருக்கவில்லை.

"அமுக்கு."

"அமுக்கியாச்சு."

அப்போது ஒரு துளி எண்ணெய் தெறித்து அவள் கண்ணோரம் விழுந்தது. ஸ்பேனரைப் பிடித்தபடியே தோளால் துடைத்துக்கொண்டாள். அடுத்த சொல்லைச் சொல்ல மறந்தாள்.

மேலே பெடலில் காலை வைத்தபடி அவன் காத்திருந்தான். சொல் வரவில்லை.

"அக்கா?"

அவன் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான்.

"அக்கா! எங்க இருக்கே?"

கேட்டபிறகுதான் தன் வாயில் வந்த சொற்கள் அவன் காதிலேயே விழுந்தன. அன்று கேட்டதும் ஏறத்தாழ இதே கேள்வி.

"கீழதாண்டா இருக்கேன்," என்றது குரல். "வேற எங்க போவேன்?"

அவன் ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்தான்.

"அன்னிக்கு அப்படிக் கேட்டிருக்கக்கூடாதுக்கா."

"ஐயோ! பெடலை விட்டுட்டியாடா?"

"தெரியாம…"

"நான் இன்னும் மூடல! குழாயில வந்த காத்தெல்லாம் திரும்ப உள்ள போச்சு. மன்னிப்புக் கேக்க நேரம் பார்த்தான் பாரு, நாலாம் கியரு!"

வண்டியின் அடியிலிருந்து ஒரு சிரிப்பு. மேலிருந்தும் ஒன்று. இரண்டுக்கும் நடுவே மகராசியின் தகரம் அதிர்ந்தது.

"முதல்லேருந்து," என்றாள் அவள். "காலைக் கவனமா வச்சுக்கோ. அமுக்கு."

"அமுக்கியாச்சு."

"அன்னிக்கு நான் தியேட்டர்ல இருந்தேன். வேற யாரோட அம்மாவோ மேஜையில இருந்தாங்க. வயித்தைத் திறந்தாச்சு. போன் வெளியில அடிச்சுக்கிட்டே இருந்திருக்கு. பிடி."

"பிடிச்சாச்சு… சொல்லியிருக்கலாமே?"

"நீ கேட்ட தோரணைக்குப் பதில் சொல்லத் தோணல. விடு."

சற்றே தாமதித்து, "விட்டாச்சு," என்றான்.

●

தேநீரோடு அம்மா வந்தபோது புட்டியில் குமிழிகள் நின்றிருந்தன. பெடல் கல்போல் உறுதியாயிருந்தது. வண்டியைத் தாங்கியிலிருந்து இறக்கினார்கள். அக்காளும் தம்பியும் ஒரே துணியில் கை துடைத்துக்கொண்டதை அம்மா பார்த்தாள். அவள் கண் பளபளத்தது.

"இப்ப பாரும்மா," என்று இளையவன் எஞ்சினைக் கிளப்பி, பெடலை அமுக்கி, ரிவர்சுக்குத் தள்ளினான்.

கர்ர்ர்.

முன்னைவிட மெல்லிய ஓசைதான். ஆனாலும் அதே கடி.

"முடியலைன்னா விடுங்க," என்றாள் அம்மா மென்மையாக. "பழைய வண்டி. நீங்களும் என்ன செய்வீங்க?" தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மூத்தவள் இடுப்பில் கைவைத்து நின்றாள். எண்ணெய் சரி. காற்று இல்லை. பெடல் உறுதி. பாதிக்குமேல் குணமான நோயாளி ஏன் எழுந்து நடக்க மறுக்கிறார்?

"நீ இறங்கு. நான் அமுக்கிப் பார்க்கிறேன்."

அவள் அந்த இருக்கையில் அமர்ந்து எத்தனை முறை வண்டி ஓட்டியிருக்கிறாள். ஆயினும் இன்று, செவிலியின் காலால் அமுக்கினாள். பெடல் இறங்கியது. இறங்கி, அடியைத் தொடுமுன்பே, மெத்தென்று எதிலோ போய் நின்றது. இரும்பு இரும்பைத் தொடும் முடிவு அன்று. தலையணையில் முட்டுவதுபோன்ற முடிவு.

குனிந்து காலடியிலிருந்த ரப்பர் மேட்டைத் தூக்கினாள்.

அதன் அடியில், இரண்டாய் மடித்து, பெடலுக்கு நேர்கீழே செருகிவைத்திருந்தது ஒரு தடித்த நார்க் கால்மிதி. ஓரத்தில் பச்சைக் கரை. பின்வாசலில் வருடக்கணக்காய்க் கிடந்த அதே கால்மிதி.

அதற்கும் அடியில் அப்பாவின் பழைய மேட். அவர் இடது குதிகாலை ஊன்றி ஊன்றிக் குழித்த பள்ளம் அதில் அப்படியே இருந்தது, சிறு கிண்ணம்போல்.

"இது எப்படி இங்க வந்துச்சு?" என்றான் இளையவன். விடைக்குக் காத்திராமல் நார்க் கால்மிதியை உருவி வெளியே எறிந்தான். ரப்பர் மேட்டையும் எறிந்தான். அவளை நகர்த்திவிட்டு ஏறினான். அமுக்கினான். பெடல் அடிவரை போயிற்று. ரிவர்ஸ், வெண்ணெயில் கத்திபோல், ஓசையின்றி இறங்கியது.

மகராசி மெல்லப் பின்னே நகர்ந்து, கொட்டகையைவிட்டு, பகல் வெளிச்சத்துக்கு வந்தாள். அவன் அவளை வாயிற்கதவுவரை ஓட்டினான். திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினான். சிறுவயதில் அப்பாவின் மடியில் அமர்ந்து ஹாரன் அடித்தவன் இன்றும் ஒருமுறை அடித்தான்.

"அம்மா! வண்டி ரெடி!"

சமையலறைச் சன்னலில் அம்மாவின் முகம் தோன்றியது. சில நொடி அப்படியே நின்றது.

"ஆச்சா?" என்றாள். "சரி. செருப்பு மாட்டிட்டு வரேன்."

முகம் மறைந்தது. இளையவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்தான். "தேநீர் நேரத்துக்குச் சரியா கிளம்பறோம். அட்டவணை பிசகல."

மூத்தவள் சிரிக்கவில்லை. மண்ணில் கிடந்த நார்க் கால்மிதியை எடுத்துத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா எந்த முட்டியைத் தடவினாங்க, பார்த்தியா?"

"வலது. அதுலதானே அடி."

"கிளட்ச் எந்தக் கால்?"

அவன் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தான்.

"அப்பா அமுக்குன்னு சொல்றதுக்கு முன்னாடி," என்றாள் அவள், "அம்மா ஏறி உக்காந்ததும் என்ன செய்வாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதே. நான் முன்னாடில்ல நிப்பேன்."

"எனக்கும் தெரியாது. நான் கீழ கிடப்பேன். ஆனா மேலேருந்து ஒரு சத்தம் வரும், சர்ருனு. இப்பத்தான் புரியுது. மேல கிடக்கிற ரப்பர் மேட்டைக் காலால தள்ளி விடுவாங்க. அப்பா சொல்லவே வேண்டாம். அதனால அதை நம்ம ரெண்டு பேருமே கத்துக்கல. அந்த வேலையை வருஷக்கணக்கா செஞ்சவங்களுக்கு, பெடலுக்கு அடியில தடிச்ச மேட் கிடந்தா கியர் விழாதுன்னு தெரியாதா?"

அவன் இருக்கையிலிருந்து இறங்கவில்லை. எஞ்சினை மட்டும் அணைத்தான்.

"வரேன்னு சொன்னாங்களே அக்கா."

"ரூமுக்குப் பெயின்ட் அடிச்சுத் திரை தைச்சு வச்சுட்டு, கூப்பிடற பிள்ளைகிட்ட வரமாட்டேன்னு சொல்ல எந்த அம்மாவுக்கு வாய் வரும்? தன்னால சொல்ல முடியல. வண்டியை விட்டுச் சொல்ல வச்சாங்க."

இளையவன் காலடியில் கிடந்த பழைய மேட்டைப் பார்த்தான். குதிகாற்குழியில் சிறிது மணல் தேங்கியிருந்தது. அதை விரலால் துடைத்தான். உலகத்து விளக்குகளையெல்லாம் ஏற்றியவரின் கால் ஊன்றிய இடம். அந்தக் குழிக்கு மேலே, இந்த இருக்கையில், பதில் சொல்லிக்கொண்டே இருந்தவளிடம் வர விருப்பமா என்று அவன் ஒருமுறையாவது கேட்டானா? சொன்னான், கணித்தான், ஏற்பாடு செய்தான். கேட்கவில்லை.

"திரும்ப விழுந்துட்டாங்கன்னா?" என்றான். குரல் சின்னதாய் இருந்தது.

"எனக்கு மட்டும் பயம் இல்லையாடா?"

அவன் இறங்கி வந்து அவள் கையிலிருந்த நார்க் கால்மிதியை வாங்கினான். வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் நடந்தான். அம்மா வழுக்கிய அந்தப் படி ஈரமாய், வழுவழுப்பாய்க் கிடந்தது. கால்மிதியை விரித்துப் போட்டான். ஓரங்களை இழுத்துச் சமன் செய்தான். அதன்மேல் ஏறி நின்று, நழுவுகிறதா என்று இருகாலாலும் தேய்த்துப் பார்த்தான். நழுவவில்லை. இறங்கியவன் திரும்பவும் ஒருமுறை ஏறிப் பார்த்தான்.

நடைவழியின் உள்ளிருட்டில், ஒருகாலில் செருப்பும் மறுகாலில் இல்லாமலும் அம்மா நின்று அதைக் கண்டாள். அவன் அவளைக் காணவில்லை.

●

வாசலில் மூவரும் மறுபடி ஒன்றுகூடியபோது பெட்டி அம்மாவின் கையில் இருந்தது. யாரும் யாரையும் நேரே பார்க்கவில்லை.

"அம்மா," என்றான் இளையவன் வண்டியின் கூரையைத் தடவியபடி, "ரிவர்ஸ் இன்னும் சரியா விழலம்மா."

"அப்படியா?" அம்மா திறந்திருந்த கதவின் வழியே உள்ளே பார்த்தாள். பெடலுக்கு அடியில் அப்பாவின் பழைய மேட் மட்டும் கிடந்தது. "இப்பத்தான் கேட்வரைக்கும் போய்ட்டு வந்த சத்தம் கேட்டுச்சு."

"அது… தானா உருண்டுச்சு."

"தானாவே திரும்பி வேற வந்துச்சே."

"மகராசியாச்சே. அவ இஷ்டம்," என்றாள் மூத்தவள் வானத்தைப் பார்த்து.

அம்மாவின் உதடு துடித்தது. அது அழுகையா சிரிப்பா என்று சொல்ல இயலாது. இரண்டும் ஒரே வாயில் வந்து நின்றன.

"காத்து இன்னும் கொஞ்சம் இருக்கும்," என்றாள் கடைசியில். "அது ஒரே நாள்ல போகாது. ரெண்டு பேரு வேணும் அதுக்கு."

"அடுத்த ஞாயிறு வரோம்," என்றான் மகன். "ரெண்டு பேரும்."

"நடுவுல புதன்கிழமை நான் வரேன்," என்றாள் மகள்.

அம்மா பெட்டியைக் கீழே வைத்தாள்.

அப்போது இளையவனின் சட்டைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தவன் முகம் வெளிறினான். வண்ணம் பூசிய அறையும், தைத்து மாட்டிய திரையும், வாசலில் நின்று வழிபார்க்கும் மனைவியும் அந்தச் சிறு கண்ணாடியில் ஒருசேர ஒளிர்ந்தன.

"என்னங்க, கிளம்பியாச்சா? அத்தைக்கு என்ன பண்ணி வைக்கட்டும்?" அவன் காதில் வைத்ததும் மனைவியின் குரல் வெளியே கேட்டது.

அவன் அக்காளைப் பார்த்தான். அட்டவணையில் இல்லாத நிறுத்தம் இது.

"குடுடா இங்க," என்றாள் அம்மா.

தொலைபேசியை வாங்கியவள், நின்று பேச முடியாத பேச்சு என்பதுபோல் சுற்றுமுற்றும் பார்த்து, ஓட்டுநர் இருக்கையில் ஏறி அமர்ந்தாள். அவள் இடது கால், யாரும் சொல்லாமலே, தன் பழைய இடத்தைத் தேடிப் போயிற்று. அப்பாவின் குதிகாற்குழியில் அவள் குதிகால் பொருந்தியது. பாதம் பெடலின் மேல் ஏறியது.

மூத்தவள் தம்பியின் சட்டைக் கையைச் சுண்டினாள். அங்கே பார் என்று கண்ணால் காட்டினாள். பெடல் அடிவரை இறங்கியிருந்தது. உயிர் போகிற வலி ஒன்றையும் அந்தக் காலில் காணோம்.

"கண்ணு," என்றாள் அம்மா தொலைபேசியில், "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். கொஞ்சம் உக்காந்துக்கிறியா?"

மறுமுனையில் நாற்காலியை இழுக்கும் ஓசை கேட்டது.

அம்மா காலை எடுக்கவில்லை. பதில் வரும்வரை பெடலைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.